டொராண்டோ–சென்னை: எகானமி சீட்டில் எதைப் பார்த்து டிக்கெட் எடுப்பது

டொராண்டோவிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இல்லை. பெரும்பாலும் ஐரோப்பாவில் இறங்கி ஏற வேண்டும், அல்லது வளைகுடாவில். இவற்றில் எந்த வழியில் போனாலும் வானத்தில் கழிவது பதினாறு முதல் பதினெட்டு மணி நேரம். அதை எப்படிப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் முதுகும் முழங்காலும் ஊர் போய்ச் சேரும். லண்டன், பிராங்க்பர்ட் வழியென்றால் முதலில் ஏழெட்டு மணி, பிறகு பத்து மணி. துபாய், தோஹா வழியென்றால் முதலில் பன்னிரண்டு பதின்மூன்று மணி, பிறகு நான்கு மணி. முதுகுவலி உள்ளவர்களுக்கு நான் சொல்வது ஐரோப்பிய வழியைத்தான். எட்டு மணி நேரத்தில் எழுந்து விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டால் இடுப்பு இளகிவிடும். வளைகுடா வழியில் அந்த நடை வருவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

ஆனால் அதைவிட முக்கியம் விமான ரகம். நம்மவர்கள் விலையையும் பெட்டி எடையையும் பார்த்துவிட்டு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். பதிவுத் திரையில் ‘விவரம்’ பகுதியைத் திறந்தால் விமான ரகம் போட்டிருக்கும். பார்க்க வேண்டியது அதைத்தான். போயிங் 777 வந்த புதிதில் எகானமியில் வரிசைக்கு ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். இன்று பெரும்பாலான நிறுவனங்கள் அதே அகலத்தில் 3-4-3 என்று (இரு ஜன்னல் பக்கமும் மூன்று மூன்று, நடுவில் நான்கு) பத்துப் பேரை உட்கார வைக்கின்றன. சீட்டின் அகலம் சுமார் 17 அங்குலம். 787-ஐ 2-4-2 என்று எட்டுப் பேருக்கும் அமைக்கலாம். ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் வெளிநாட்டுச் சேவையில் அப்படித்தான் வைத்திருக்கிறது. மற்றவர்கள் அநேகமாக எல்லோரும் 3-3-3 போடுகிறார்கள். அதுவும் 17 அங்குலத்தை ஒட்டித்தான் வரும். ஏர்பஸ் ஏ350, ஏ330, ஏ380 இவற்றில் 18 அங்குலத்துக்குப் பக்கத்தில் கிடைக்கும். ஒரு அங்குலத்தில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். உட்காரும் இடத்தைவிடத் தோள் அகலமானது. இரண்டு பக்கமும் ஆள் இருக்கும்போது அந்த ஒரு அங்குலம் இல்லையென்றால் பத்து மணி நேரமும் உடம்பைக் குறுக்கித் திருகிக்கொண்டு உட்கார வேண்டும். மறுநாள் கழுத்தும் தோள்பட்டையும் வலிப்பது இதனால்தான்.

கால் வைக்கும் இடத்துக்கு ‘பிட்ச்’ என்று ஓர் அளவு சொல்வார்கள். ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரை உள்ள தூரம் அது. நீண்ட தூர விமானங்களில் 31, 32 அங்குலம். மலிவுக் கட்டண நிறுவனங்களில் 28 வரைகூட இறங்கும். இந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். சாய்மானத்தின் தடிமனும் இதற்குள்தான் அடங்கியிருக்கிறது. மெல்லிய சாய்மானம் உள்ள புதுச் சீட்டில் 31 அங்குலத்திலும் முழங்கால் இடிக்காது. ஆனால் பஞ்சு குறைவு, நாலாவது மணியில் பின்புறம் வலிக்கத் தொடங்கும். கொடுக்கும் போர்வையை உள்ளங்கை அகலத்துக்கு மடித்து, பெல்ட் கட்டும் உயரத்தில் இடுப்புக்குப் பின்னால் வைத்தால் முதுகு வளையாமல் நிற்கும். கழுத்துத் தலையணைக்குச் செலவழிப்பதைவிட இது பயன்.

சீட் எண் தேர்ந்தெடுக்கும்போது ஏரோலோபா தளத்தில் உங்கள் நிறுவனத்தின் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். ஜன்னல் எங்கே இல்லை, எந்த வரிசை கழிப்பறைக்குப் பக்கம் என்பதெல்லாம் அளவோடு தெரியும். கடைசி வரிசையும், அவசர வழிக்கு முந்திய வரிசையும் பெரும்பாலும் சாயாது. அவசர வழி வரிசையில் காலை நீட்டலாம். ஆனால் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடிந்திருப்பதால் கைப்பிடியைத் தூக்க முடியாது, உட்காரும் அகலமும் சற்றுக் குறையும். குழந்தைகள், கர்ப்பிணிகள், சக்கர நாற்காலி கேட்டவர்களுக்கு அந்த வரிசையைத் தரமாட்டார்கள். சுவரை ஒட்டிய முதல் வரிசை கைக்குழந்தையின் தொட்டிலுக்காக. அங்கே கைப்பையைக் காலடியில் வைக்க முடியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் மேலே போட வேண்டும். பக்கத்தில் குழந்தை அழும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சில சீட்டுகளுக்குக் கீழே திரைக்கான மின்பெட்டி இருக்கும். ஒரு கால் வைக்கும் இடத்தை அது அடைத்துக்கொள்ளும்.

நடைபாதை ஓரம் வேண்டுமென்றால் நடுப் பகுதியில் எடுங்கள். 3-4-3-இல் பக்கவாட்டு ஓரத்தில் இரண்டு பேர் உங்களைத் தாண்டிப் போவார்கள். நடு நான்கின் ஓரத்தில் ஒருவர்தான். கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு 2-4-2 விமானத்தின் ஜன்னல் பக்க இரட்டைச் சீட்டைவிட நல்ல இடம் எகானமியில் இல்லை. ஓரத்தையும் ஜன்னலையும் எடுத்துவிட்டு நடுச் சீட் காலியாக இருக்கும் என்று காத்திருக்கும் உத்தி டிசம்பரிலும் ஜூலையிலும் பலிக்காது. ஒரு நிறுவனத்தில் வாங்கி வேறு நிறுவனத்தின் விமானத்தில் பறக்கிறீர்கள் என்றால், பறக்கும் நிறுவனத்தின் பிஎன்ஆர் எண்ணைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் பெரும்பாலும் சீட் தேர்ந்தெடுக்க முடியாது. விமானத்தை மாற்றினால் எடுத்த சீட்டும் மாறலாம். ஒரு வாரம் முன்பும், செக்-இன் திறந்ததும் ஒருமுறை சரிபாருங்கள்.

அம்மா அப்பாவைக் கனடாவுக்கு அழைப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஐந்தடி உயரமுள்ள அம்மாவுக்கு முழங்கால் இடிப்பதில்லை, பாதம்தான் தரையைத் தொடுவதில்லை. கால் தொங்கினால் சீட்டின் முன்விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்; பாதம் வீங்கும், மரத்துப்போகும். பெல்ட் விளக்கு அணைந்ததும் கைப்பையைக் காலடிக்கு இழுத்து, பாதத்தை அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். உள்ளே துணி மட்டும் இருக்கட்டும், நசுங்கும் பொருள் வேண்டாம். நடைபாதைப் பக்கக் கைப்பிடி தூக்க வராதது போலத் தெரியும். பெரும்பாலான சீட்டுகளில் அதன் அடியில், கீல் பக்கத்தில், ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அழுத்தித் தூக்கினால் முட்டிவலி உள்ளவர்கள் பக்கவாட்டில் திரும்பி எழலாம். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு, கையில் பணம் இருந்தால், நீண்ட பகுதிக்கு மட்டுமாவது பிரீமியம் எகானமி (எகானமிக்கும் பிசினஸுக்கும் இடைப்பட்ட வகுப்பு) பாருங்கள். பிட்ச் பொதுவாக 38 அங்குலம். முழுப் பயணத்துக்கும் எடுத்தாக வேண்டும் என்பதில்லை. பல நிறுவனங்களில் பகுதிக்கு ஒரு வகுப்பாகப் பதிவு செய்யலாம்.

கெண்டைச்சதை அசைந்தால்தான் காலிலிருந்து ரத்தம் மேலே ஏறும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் சிரையில் ரத்தம் உறையும் ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007 ஆய்வு சொன்னது. ஆரோக்கியமானவர்களில் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான். அஞ்ச வேண்டியதில்லை, அலட்சியமும் கூடாது. அரை மணிக்கொரு தடவை குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கியும், முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்கியும் இருபது முறை செய்யுங்கள். முழங்காலுக்குக் கீழ் வரும் அழுத்தக் காலுறையை, காலையில் வீக்கம் இல்லாத நேரத்தில் போட வேண்டும். பாதி வழியில் வீங்கிய காலில் இழுத்துப் போட்டால் மடிப்பு விழுந்து சதையை அறுக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள், காலில் தமனி அடைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடவே கூடாது. முன்பு ரத்தம் உறைந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சென்னையில் இறங்கியதும் வாடகைக் காரில் ஏறி மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ எட்டு, பத்து மணி நேரம் காலை மடக்கி உட்கார்வதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு. உடம்புக்குக் காரும் விமானமும் ஒன்றுதான். ஓர் இரவு சென்னையில் தங்குங்கள், அல்லது பகலில் ஓய்வெடுத்துவிட்டு சென்னையிலிருந்து தெற்கே புறப்படும் இரவு ரயிலில் படுக்கை எடுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ்ப் படுக்கை கேளுங்கள். இரண்டு பாதமும் ஒரே மாதிரி வீங்கியிருந்தால் காலை உயர்த்திப் படுத்தால் ஓரிரு நாளில் வடியும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்துச் சூடாக இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். எந்த நாளில் எத்தனை மணி நேரம் பறந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஊர் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தாலும் சொல்ல வேண்டும்.