டர்பன் வாடகை ஏஜென்சிகளின் ‘ஆள் மாற்றக் கட்டணம்’: பில்லில் எந்த இனத்துக்குக் காசு தகும்?

தென்னாப்பிரிக்க நகரமான டர்பனின் கிளென்வுட், பெரியா பகுதிகளில் மூன்று நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் ஃபிளாட்டுகளில், ஒப்பந்தம் முடியும் முன்பே ஒருவர் கிளம்புவதும் இன்னொருவர் வருவதும் சகஜம். அப்போது ஏஜென்சி நீட்டும் பில்லில் வழக்கமாக வருபவை: கடன் வரலாற்றுச் சோதனை, அடெண்டம் (ஒப்பந்தத்தின் இணைப்புத் தாள்) தயாரிப்பு, வீட்டைப் பார்வையிடுதல், கடைசியாக ‘நிர்வாகக் கட்டணம்’.

தென்னாப்பிரிக்காவின் 1999-ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டம் (எண் 50) 5-ஆம் பிரிவில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது. ஒப்பந்தம் தொடர்பான செலவை வாடகைதாரர் தலையில் கட்ட வேண்டுமானால், அந்தச் செலவு உண்மையிலேயே ஆனதற்கு வீட்டுக்காரர் ஆதாரம் காட்ட வேண்டும். ஆகவே பில் வந்ததும் இன்வாய்ஸ் கேளுங்கள், அதுவும் ஈமெயிலில். போனில் கேட்டது பிறகு எதற்கும் உதவாது.

கடன் வரலாற்றுச் சோதனைக்குக் கொடுக்கலாம். புதிதாக வருபவரின் சம்மதம், அடையாள ஆவணம் அல்லது பாஸ்போர்ட்டும் விசாவும், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். அது ஒரு ஆளுக்கான சோதனை. ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கும் சேர்த்துப் பில் போட்டிருந்தால் அந்தத் தொகையை நீக்கச் சொல்லுங்கள்.

இந்தச் சேவையில் உருப்படியான பகுதி அடெண்டம்தான். பழைய ஒப்பந்தத்தோடு சேர்க்கும் ஓரிரு பக்கத் தாள். போகிறவர், இருக்கிறவர்கள், வருகிறவர், வீட்டுக்காரர் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். போகிறவரின் பொறுப்பு எந்தத் தேதியோடு முடிகிறது என்ற வரி அதில் இல்லையென்றால் கொடுத்த காசு வீண். இத்தகைய ஒப்பந்தங்களில் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ பொறுப்பு என்று இருக்கும். ஒருவர் வாடகை கட்டாவிட்டால் முழுத்தொகையையும் மற்ற எவரிடமும் கேட்கலாம் என்பதே அதன் பொருள். ஊரைவிட்டே போனவருக்கும் ஆறு மாதம் கழித்து நோட்டீஸ் வருவது இதனால்தான். ‘அடெண்டம் போதாது, புது ஒப்பந்தமே போட வேண்டும்’ என்றால் வாடகைத் தொகையையும் காலத்தையும் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாடகை உயர்வு பெரும்பாலும் அந்த வழியாகத்தான் நுழைகிறது.

டெபாசிட்டில்தான் சண்டை வரும். மூன்று பேர் சேர்ந்து 12,000 ராண்ட் கட்டியிருந்தால் ஆளுக்கு 4,000. ஏஜென்சி அதைத் தொடாமல், ‘வருகிறவர் போகிறவருக்கு நேரடியாகக் கொடுத்துவிடட்டும்’ என்று கைகழுவிவிடும். ஏஜென்சிக்கு வேலை மிச்சம்; ஆனால் போனவர் உடைத்த கதவும் கறைபட்ட கார்ப்பெட்டும் புதியவர் கணக்கில் ஏறும். சேதம் இல்லையென்றால் 7 நாளில், பழுதுபார்த்தால் அது முடிந்து 14 நாளில் டெபாசிட்டைத் திருப்ப வேண்டும் என்ற சட்டக் கெடு ஒப்பந்தம் முடியும்போதுதான் ஓடத் தொடங்கும். நடுவில் ஆள் மாறும்போது அதை நம்ப முடியாது. எனவே யார் பங்கு எவ்வளவு, அதுவரை சேர்ந்த வட்டி யாருக்கு, அன்றைய தேதியில் இருக்கும் சேதம் என்னென்ன என்பதையெல்லாம் அடெண்டத்திலேயே எழுதிவிடுங்கள். டெபாசிட் வட்டி தரும் கணக்கில்தான் இருக்க வேண்டும் என்பதும் சட்டம்.

சேதத்தைப் பதிவுசெய்ய வேண்டியிருப்பதால் பார்வையிடும் கட்டணம் தகும், ஆனால் அறை அறையாகப் படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட அறிக்கை கையில் கிடைத்தால் மட்டும். காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனதற்கு எதற்குக் காசு?

பில்லில் ‘நிர்வாகக் கட்டணம்’ என்று இருப்பது ஆதாரம் கேட்டால் பெரும்பாலும் தள்ளாடும். இன்னொன்றையும் கவனியுங்கள். குடியிருப்பு வாடகைக்கு வாட் (மதிப்புக் கூட்டு வரி) கிடையாது; வாட் பதிவு உள்ள ஏஜென்சி தன் சேவைக்கு மட்டும் 15% போடலாம். பதிவு எண் இல்லாத இன்வாய்ஸில் வாட் இருந்தால் கொடுக்காதீர்கள்.

ஏஜென்சி பில்லில் வராத சில்லறை விஷயங்களும் உண்டு: கேட் ரிமோட், சாவிகள், போகிறவர் பெயரில் இருக்கும் ஃபைபர் இணைப்பு. இணைப்பை ரத்துசெய்ய முன்னறிவிப்பு தேவைப்படலாம் என்பதால் அதை முதலிலேயே கேட்டு வையுங்கள்.

பேசித் தீராவிட்டால் டர்பன் இருக்கும் மாகாணத்தின் குவாசுலு-நாட்டால் வாடகை வீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அதன் தீர்ப்பு மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவுக்குச் சமம். ஒப்பந்தம், அடெண்டம், பில், ஆதாரம் கேட்ட ஈமெயில், வாடகை ரசீதுகள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். புகார் நிலுவையில் இருக்கும்போதும் அதைக் கட்டியே ஆக வேண்டும்.