ஃபோர்ஜ்டு அலாய் வீல்: எடை குறைந்தது, ரேஞ்ச் கூடவில்லை

ஃபோர்ஜ்டு, அதாவது உருக்கி வார்க்காமல் அழுத்தி அடித்துச் செய்த இந்த வீல் செட்டின் பெட்டியிலேயே "எலெக்ட்ரிக் காருக்கு 10 சதவீதம் வரை கூடுதல் ரேஞ்ச்" (ஒரு முழு சார்ஜில் போகும் தூரம்) என்று அச்சடித்திருக்கிறார்கள். அதற்காக வாங்குவதாக இருந்தால் வேண்டாம். ஆனால் நான் இதைக் கழற்றப் போவதில்லை, காரணம் வேறு.

எடை விஷயத்தில் பொய் இல்லை. மாட்டும் முன் லக்கேஜ் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தேன். காரோடு வந்த 18 அங்குல வார்ப்பு அலாய், பிளாஸ்டிக் மூடியோடு 12 கிலோ. இது எட்டரை. நான்குக்கும் சேர்த்து 14 கிலோ மிச்சம்.

சரி, அந்த 14 கிலோ என்ன தரும்? டயர் உருளும்போது வரும் எதிர்ப்பு விசை வண்டி எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. அப்படிப் பார்த்தால் 100 கி.மீ.க்கு மிச்சமாவது சுமார் 0.04 யூனிட். காரோ அதே தூரத்துக்கு 15 யூனிட் குடிக்கிறது. முழு சார்ஜில் 400 கி.மீ. போகும் வண்டி இனி 401 போகும், அவ்வளவுதான். "சுழலும் எடை இரட்டிப்பாகக் கணக்கு" என்பார்கள். வேகம் எடுக்கும்போது மட்டும் அது உண்மை, அதுவும் விளிம்பில் இருக்கும் எடைக்குத்தான். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போனாலும், பெட்ரோல் காரில் பிரேக் சூடாக வீணாவதில் பெரும்பகுதியை இங்கே ரீஜென் (வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் தயாரிக்கும் ஏற்பாடு) பேட்டரிக்கே திருப்பிவிடுகிறது. பெட்ரோல் காலத்து விளம்பரத்தை ஸ்டிக்கர் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள்.

இதில் வேடிக்கை, நெடுஞ்சாலையில் செலவு கூடியிருக்கிறது. அதே டயர், அதே காற்றழுத்தம், வழக்கமான வேகம், 15.1 காட்டிக்கொண்டிருந்த மீட்டர் இப்போது 15.6 காட்டுகிறது. பழைய வீலின் தட்டையான மூடி காற்றை வழுக்கிவிட்டது. இதன் மெலிந்த ஆரங்களோ காற்றைக் கடைகின்றன. டெஸ்லா மாடல் 3 காரில் 18 அங்குல வீலின் மூடியைக் கழற்றினாலே 3 சதவீதம் அளவுக்குச் செலவு கூடுவதைச் சோதித்தே காட்டியிருக்கிறார்கள்.

பிறகு ஏன் வைத்திருக்கிறேன்? ஓட்டம் மாறிவிட்டது. பேட்டரி பாரத்துக்காக எலெக்ட்ரிக் காருக்கு விறைப்பான ஸ்பிரிங் போடுகிறார்கள். ஒட்டுப்போட்ட ரோட்டில் ஒவ்வொரு ஒட்டும் இடுப்பில் தெரியும். சக்கரம் லேசானதும் அந்த 'டொம்' பாதியாக அடங்கிவிட்டது. ஸ்டியரிங்கும் சட்டென்று பேச்சு கேட்கிறது.

வாங்குகிறவர்கள் ஆரத்தின் பின்பக்கம் லோடு ரேட்டிங்கை, அதாவது ஒரு வீல் தாங்கும் எடையைப் பாருங்கள். இதில் 710 கிலோ என்று பொறித்திருக்கிறது, என் காருக்குத் தாராளம். கூட வரும் நட்டுகள் கூம்பு வடிவம். பழைய நட்டு உருண்டை வடிவமாக இருந்தால் அதை இதில் முடுக்கவே கூடாது. வீலை அச்சில் சரியாக நடுவில் உட்காரவைக்கும் வளையமான ஹப் ரிங்கை பிளாஸ்டிக்கில் கொடுத்திருப்பது கஞ்சத்தனம்.

எடையைக் குறைத்து ரேஞ்ச் பார்க்க வேண்டுமானால் அது வரைபடத்திலேயே தொடங்க வேண்டும். 2013-இல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3 அப்படி: கார்பன் ஃபைபர் கூடு, 155 மி.மீ. ஒல்லி டயர், மொத்தம் சுமார் 1,200 கிலோ. கூடு லேசானதால் 22 யூனிட் பேட்டரியே போதுமானதாக இருந்தது. பேட்டரி சிறுத்ததால் வண்டி இன்னும் லேசானது. கட்டி முடித்த காரில் வீலை மட்டும் மாற்றி அந்தச் சங்கிலியைப் பிடிக்க முடியாது.

இதே எடையில் முகம் மூடிய டிசைன் ஒன்றை இவர்கள் கொண்டுவரலாம். ரீஜென் இருப்பதால் அன்றாட ஓட்டத்தில் பிரேக் அவ்வளவு சூடாவதில்லை. அதைக் குளிர்விக்க ஆரங்களுக்கு நடுவே இத்தனை பெரிய இடைவெளி எதற்கு?