பெட்டியில் நான்கு துப்பாக்கி, உள்ளே ஆறு

போன மாதம் பாரிமுனைப் பக்கம் ஒரு மாடிக் கடையில் 1,150 ரூபாய்க்கு இந்த வைல்ட்கேட் (இரண்டாம் உலகப் போர்க்காலப் போர் விமானம்) மாடல் கிட் வாங்கினேன். 1/72 அளவு, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. பெயின்ட், பசை தனி. அமெரிக்கக் கடற்படை பைலட் புட்ச் ஓஹேர் ஓட்டிய விமானம் என்று பெட்டியில் படம் போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

மோல்டிங் சுத்தம், பட்டி வேலை அதிகமில்லை. சக்கரம்தான் படுத்தி எடுத்தது. நிஜ விமானத்திலேயே பைலட் கையால் சுற்றிச் சுற்றித்தான் சக்கரத்தை உள்ளே இழுப்பார். அந்தக் கம்பிகள் எல்லாம் இதில் முடி கனத்தில் இருக்கின்றன. "அப்பா, ஃபேனை நிறுத்துங்க, பறந்துடும்" என்றாள் மகள். மே மாத வியர்வை ஒரு சொட்டு விழுந்து ஒரு ஸ்டிக்கர் போயிற்று.

அப்புறம் இறக்கையை எடுத்தேன். இறக்கை மடங்கும் இடத்தில் கோடு, பக்கத்துக்கு மூன்று துப்பாக்கி. இது வைல்ட்கேட்டின் எஃப்4எஃப்-4 ரகம். 1942 பிப்ரவரி 20 அன்று லெக்சிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஓஹேர் கிளம்பியது அதற்கு முந்தைய எஃப்4எஃப்-3இல். மடியாத இறக்கை, மொத்தமே நான்கு துப்பாக்கி.

கடைக்குத் திரும்ப எடுத்துப் போனேன். "ரெண்டு துப்பாக்கி கூடத்தானே சார்?" என்றார் கடைக்காரர். விஷயமே அங்கேதான் இருக்கிறது. அன்று ஓஹேர் கூடப் பறந்தவரின் துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டன. கப்பலைக் குறிவைத்து வந்த ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களுக்கு எதிரே ஓஹேர் ஒருவர்தான். துப்பாக்கிக்கு 450 தோட்டா, மொத்தம் 1,800. விடாமல் அழுத்தினால் சுமார் 34 நொடியில் காலி. அதைச் சிக்கனமாகச் சுட்டு 5 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு எழுதினார்கள் (பிறகு எண்ணிக்கை குறைந்தது, அது தனிக் கதை). அதிபர் ரூஸ்வெல்ட், அமெரிக்காவின் உயரிய ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனர் கொடுத்தார். ஆறு துப்பாக்கி விமானத்திலோ ஒன்றுக்கு 240 தோட்டாதான், 20 நொடிகூடத் தாங்காது. இந்தப் பெட்டிக்குள் இருப்பதில் ஏறியிருந்தால் பாதி வேலையில் கை காலியாகியிருக்கும்.

பிரித்த பெட்டியைத் திரும்ப வாங்க மாட்டோம் என்றார் கடைக்காரர், சரி, நியாயம்தான். ஓரத்துத் துப்பாக்கி ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்தேன், மடிப்புக் கோட்டை உப்புத்தாளால் தேய்த்தேன். வைல்ட்கேட் கட்ட ஆசை என்றால் தாராளமாக வாங்கலாம். ஓஹேர் விமானம்தான் வேண்டுமென்றால் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி இறக்கைத் துப்பாக்கிகளை எண்ணுங்கள். கிட்டுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று.

இப்போது டிவி பக்கத்தில் நிற்கிறது. "இடது பக்க ஓட்டை இன்னும் தெரியுதுப்பா" என்கிறாள் மகள்.