நிதித் திட்டமிடல் படிக்க எந்த வழி: தனிப் பட்டமா, பி.காம் + சி.எஃப்.பி.யா, சி.ஏ.வா?

பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் முடித்த பிள்ளை "ஃபைனான்ஷியல் பிளானர் ஆகப் போறேன்" என்றால், வீட்டில் முதலில் வரும் கேள்வி "இன்சூரன்ஸ் ஏஜென்டாப் போறியா?" அடுத்தது, "அதுக்கு சி.ஏ.வே படிச்சிடலாமே?" முதல் கேள்வியை விட்டுவிடலாம். இரண்டாவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். (தலைப்பில் உள்ள சி.எஃப்.பி. என்பது 'சர்டிஃபைட் ஃபைனான்ஷியல் பிளானர்', அதாவது நிதித் திட்டமிடுபவருக்கான சான்றிதழ்.)

சில தனியார் பல்கலைக்கழகங்கள் நிதித் திட்டமிடலையே சிறப்புப் பாடமாக வைத்து பி.பி.ஏ., பி.காம் நடத்துகின்றன. முதலீடு, காப்பீடு, வரி, ஓய்வுக்காலம், உயில் எல்லாவற்றையும் ஒரே படிப்பில் சொல்லித் தருகிறார்கள். பாடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் என்னவென்றால், இந்தியாவில் இந்தத் தொழிலுக்கு அந்தப் பட்டத்தை யாரும் கட்டாயமாகக் கேட்பதில்லை. மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் (கமிஷனுக்கு ஃபண்ட் விற்பவர்) ஆக, பங்குச் சந்தைப் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் 5-ஏ தேர்வில் 100-க்கு 50 எடுத்து, மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் ஏ.ஆர்.என். பதிவெண் வாங்கினால் போதும். கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்லும், செபியில் (பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு) பதிவுபெற்ற ஆலோசகர் ஆவது முன்பு கடினம். முதுநிலைப் பட்டமோ அதற்கு இணையான தகுதியோ வேண்டும், அதோடு 5 ஆண்டு அனுபவமும் கேட்டார்கள். 2024 டிசம்பரில் செபி அதைத் தளர்த்தியது. அதன்படி நிதி சார்ந்த இளநிலைப் பட்டமும், என்.ஐ.எஸ்.எம். 10-ஏ, 10-பி தேர்வுகளும் போதும். அரசுக் கல்லூரி பி.காமே இதற்குத் தாராளம்.

ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு. வங்கிகளின் ஆலோசகர்கள் வாடிக்கையாளர்களை ஏமாற்றிய விவகாரங்கள் அடுக்கடுக்காக வெளிவந்தபின், 2019-இல் புதிய விதிகள் அமலுக்கு வந்தன. புதிதாக வருபவருக்கு அங்கீகரிக்கப்பட்ட பட்டம், ஒரு தேர்வு, 1,600 மணி நேரப் பயிற்சி எல்லாம் கட்டாயமாயின. அங்கே போய் இதே தொழில் செய்வதுதான் திட்டம் என்றால், தனிப் பட்டத்துக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது. கோவையிலோ மதுரையிலோ அலுவலகம் போடப்போகிறவருக்கு, அந்தக் கூடுதல் கட்டணத்துக்கு என்ன பலன் என்று எனக்குப் புரியவில்லை.

இப்போது சி.ஏ.வுக்கு வருகிறேன். வருமான வரி, ஜி.எஸ்.டி., தணிக்கை இவற்றில் கிடைக்கும் பிடிமானம் வேறு எந்தப் படிப்பிலும் வராது. ஆடிட்டரிடம் கட்டாயமாகப் பயிற்சி பெறும் ஆர்டிகிள்ஷிப்பையும் மூன்றிலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைத்துவிட்டார்கள். தன் தொழிலின் ஒரு பகுதியாக வாடிக்கையாளருக்கு முதலீட்டு ஆலோசனை சொல்லும் ஆடிட்டருக்கு செபி பதிவு தேவையில்லை என்ற சலுகையும் உண்டு. ஊரில் "ஆடிட்டர் சார்" என்றால் கிடைக்கும் மரியாதையைச் சொல்லவே வேண்டாம். ஆனால் ஆர்டிகிள்ஷிப்பில் பழகுவது பெரும்பாலும் கம்பெனிக் கணக்கோடுதான். ஒரு குடும்பத்தை உட்கார வைத்துப் பேசும் வேலை அதில் அபூர்வம். வரி பிடிக்கும் என்றால் சி.ஏ. போங்கள். பிளானர் ஆவதற்காக மட்டும் சி.ஏ. எழுதுவது ஊரைச் சுற்றிப் போவதுதான். (சி.எஃப்.ஏ. இந்தப் போட்டியிலேயே இல்லை. அது முக்கியமாக ஃபண்ட் நிறுவனங்களில் முதலீட்டு ஆராய்ச்சி வேலைக்கான படிப்பு.)

என் ஓட்டு பி.காம் + சி.எஃப்.பி.க்கு. சென்னையில் மாலை ஷிப்டில் பி.காம் சேர்ந்து, காலையில் ஒரு விநியோகஸ்தரின் அலுவலகத்தில் வேலை பழகலாம். சி.எஃப்.பி.யில் முதலீடு, ஓய்வுக்காலம்-வரி, காப்பீடு-வாரிசுரிமை என்று மூன்று பகுதிகள், கடைசியில் முழுத் திட்டம் போடும் பகுதி ஒன்று. தேர்வு முடிந்தாலும் அனுபவம் காட்டினால்தான் சான்றிதழ் கையில் வரும். தனியாக என்றால் 3 ஆண்டு, சி.எஃப்.பி. ஒருவரின் மேற்பார்வையில் என்றால் ஓராண்டு.

அனுபவத்தை ஏன் கேட்கிறார்கள்? கரூரில் ஒரு பள்ளி ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று எண்டோவ்மென்ட் (சேமிப்பும் காப்பீடும் கலந்த) பாலிசி, ஒரு ஏலச்சீட்டு, கடனில் வாங்கிப் போட்ட மனை. ஆறு வயது மகளின் கல்லூரிப் படிப்புக்கு இன்றைய விலையில் 10 லட்சம் வேண்டும். ஆண்டுக்கு 8 சதவீதம் விலை ஏறினால், 12 ஆண்டில் அது 25 லட்சத்தைத் தாண்டும். 10 சதவீத வருமானம் கிடைக்கும் என்று கொண்டால், மாதம் சுமார் 9,100 ரூபாய் போட்டுவர வேண்டும். எக்செல்லில் இதற்கு இரண்டு நிமிடம். அந்த 9,100 எங்கிருந்து வரும்? ஒரு பாலிசியையாவது நிறுத்த வேண்டும், பாலிசி போட்டுக் கொடுத்தவரோ அவருடைய மச்சினன். சரண்டர் செய்தால் (பாதியில் முடித்துப் பணத்தை வாங்கினால்) என்ன நட்டம், பெய்ட்-அப் ஆக்கினால் (பிரீமியத்தை நிறுத்தி, குறைந்த தொகைக்குப் பாலிசியைத் தொடர்ந்தால்) என்ன மிஞ்சும் என்று எழுதிக் காட்ட வேண்டும். டேர்ம் இன்சூரன்ஸ் (சேமிப்பு இல்லாத, வெறும் ஆயுள் காப்பீடு) கைக்கு வரும்வரை பழைய பாலிசியைத் தொடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். நடுவில் மச்சினனின் போனையும் சமாளிக்க வேண்டும்!

வருமானத்தையும் பேசிவிடலாம். மியூச்சுவல் ஃபண்டில் முன்கூட்டியே தரும் கமிஷனை 2018-இல் செபி நிறுத்திவிட்டது. இப்போது இருப்பது பெரும்பாலும் ட்ரெயில் கமிஷன்தான், அதாவது வாடிக்கையாளரின் முதலீடு இருக்கும்வரை அதன் மதிப்பில் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று வருவது. 0.8 சதவீதம் என்று வைத்தால், ஒரு கோடி ரூபாய் முதலீடு திரட்டியவருக்கு ஆண்டுக்கு 80,000. மாதம் 7,000கூடத் தேறாது. 22 வயதில் ஒரு கோடி திரட்டுவதே பெரும்பாடு. கட்டண ஆலோசகர் ஒரு குடும்பத்திடம் ஆண்டுக்கு 1.51 லட்சம் வரை நிலையான கட்டணம் வாங்கலாம். ஆனால் தனிநபராகப் பதிவு செய்தவர் கமிஷன் தொழிலைத் தொடக்கூடாது, நம்மூரில் வெறும் பேச்சுக்குப் பணம் கொடுக்கவும் யோசிப்பார்கள். அதனால் முதல் சில ஆண்டுகள் சம்பள வேலைதான் கைகொடுக்கும். வங்கி வேலை கிடைத்தால் இன்சூரன்ஸ் டார்கெட் தலையில் விழும். சிறிய ஆலோசனை நிறுவனத்தில் சம்பளம் குறைவு, ஆனால் திட்டம் போடக் கற்றுக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் பிறகு தனிப் பட்டம்தான் வேண்டும் என்றால், கட்டணம் கட்டுவதற்கு முன் கல்லூரியில் மூன்று விஷயம் கேளுங்கள். சி.எஃப்.பி. தேர்வுக் கட்டணம் இதில் அடக்கமா? பாடம் எடுப்பவர்களில் தொழிலில் இருப்பவர் எத்தனை பேர்? போன வருடம் முடித்தவர்கள் சேர்ந்தது பிளானிங் வேலையிலா, கிரெடிட் கார்டு விற்கும் வேலையிலா?