ட்ரீம்காஸ்ட்டா, பிளேஸ்டேஷன் 2-ஆ?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பழைய வீடியோ கேம் கன்சோல் தேடும்போது, சேகாவின் ட்ரீம்காஸ்ட், சோனியின் பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) இரண்டுக்கும் நடுவே மனசு ஊசலாடுகிறதா?

அன்றைய விலை: ட்ரீம்காஸ்ட் 1999-ல் அமெரிக்காவில் 199 டாலர். பிஎஸ்2 மறு வருஷம் 299.

வட்டு: பிஎஸ்2 டிவிடி படமும் ஓட்டியது, பழைய பிளேஸ்டேஷன் வட்டுகளையும் ஏற்றது. ட்ரீம்காஸ்ட்டின் தனி வகை வட்டான ஜிடி-ராமில் சுமார் 1 ஜிபிதான் அடங்கும். மில்-சிடி (இசையோடு படமும் தரும் சிடி வகை) வசதியின் ஓட்டையால், பாதுகாப்பைத் தாண்ட தனி சிப் வைக்காமலே ட்ரீம்காஸ்ட்டில் நகல் சிடியும் ஓடியது. சேகாவின் முந்தைய கன்சோலான சாட்டர்ன் சறுக்கியதில் சேகா மீதான நம்பிக்கை ஏற்கெனவே போயிருந்தது. பெரிய விளையாட்டு நிறுவனமான ஈஏ (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) ட்ரீம்காஸ்ட்டுக்குக் கடைசிவரை ஒரு விளையாட்டுகூடத் தரவில்லை. அருமையான விளையாட்டுகள் இருந்தும் 2001 மார்ச்சில் ட்ரீம்காஸ்ட் தயாரிப்பு நின்றது. விற்றது சுமார் 90 லட்சம். பிஎஸ்2 15 கோடிக்கும் மேல்.

பழுது: ட்ரீம்காஸ்ட் தானாக ரீசெட் ஆனால், முதலில் உள்ளே மின்சாரம் தரும் பவர் போர்டின் பின்களைப் பாருங்கள். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சென்னையின் உப்புக் காற்றில் இதை அலட்சியம் செய்யக் கூடாது. பிஎஸ்2-வில் தேய்வது வட்டைப் படிக்கும் லேசர்.

மின்சாரம்: ஜப்பான், அமெரிக்க மாடல்களை நேராக 230 வோல்ட்டில் செருகாதீர்கள், வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

வீட்டில் எல்லாரும் விளையாட பிஎஸ்2. ஆர்கேட் (காசு போட்டு ஆடும் கடை) விளையாட்டுகளை விஜிஏ இணைப்புள்ள கம்ப்யூட்டர் மானிட்டரில் துல்லியமாகப் பார்க்க ஆசைப்பட்டால், கண்ணை மூடிக்கொண்டு ட்ரீம்காஸ்ட்.