கார்டு கணக்கு: மெயிலிலேயே விடுவதா, பென்டிரைவில் பூட்டுவதா, ஃபைலில் போடுவதா?

2019-ல் ஒரு கிரெடிட் கார்டை மூடினேன். 2023-ல் வீட்டுக் கடனுக்கு அலைந்தபோது, நம் கடன், கார்டு விவரங்களைத் தொகுத்துக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டில் அதே கார்டு இன்னும் உயிரோடு இருந்தது. ஆண்டுக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி, தாமதக் கட்டணம், வட்டி என்று ஏறி ஒன்பதாயிரத்துச் சொச்சம் பாக்கி காட்டியது. நிரூபிக்க என்ன இருக்கிறது என்று தேடினேன். அந்த வங்கியில் எனக்கு வேறு கணக்கு கிடையாது, அதனால் கார்டோடு ஆப் லாகினும் போயிருந்தது. மூடியாகிவிட்டது என்ற எஸ்எம்எஸ் பழைய போனோடு போச்சு. கடைசியில் பீரோவின் அடித்தட்டில் இருந்த பழுப்பு ஃபைல்தான் கைகொடுத்தது. கிளையில் சீல் போட்டுக் கொடுத்த விண்ணப்ப நகல், பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதம், இரண்டும் அதில் இருந்தன. ஸ்கேன் செய்து அனுப்பினேன், ஒரு மாதத்துக்குள் சரியானது.

அதற்கப்புறம்தான் வீட்டில் இருக்கும் மூன்று கார்டுகளின் கணக்கையும் எப்படி வைப்பது என்று உட்கார்ந்து யோசித்தேன்.

மெயிலிலும் ஆப்பிலும் அப்படியே விட்டுவிடுவது ஒரு வழி. பலரும் செய்வது இதுதான், செலவும் இல்லை, வேலையும் இல்லை. ஒரு விஷயத்தில் இதை மிஞ்ச எதுவும் கிடையாது, அது வேகம். நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல், வேறு எங்கேயோ நடந்த கோளாறால் பணம் போனால், தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியிடம் சொல்லிவிட்டால் நமக்குப் பொறுப்பு இல்லை என்பது 2017-லேயே ரிசர்வ் வங்கி போட்ட விதி. அந்த மூன்று நாளில் உதவுவது போனில் வரும் எஸ்எம்எஸ்தான். ஆனால் அன்றாடத்துக்குத்தான் இது சரி. பல வங்கிகள் ஸ்டேட்மென்ட் பிடிஎஃப்புக்கு வைக்கும் பாஸ்வேர்டு பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த தேதியும் மாதமும்தான், நம்மைத் தெரிந்தவர் யாரும் திறந்துவிடலாம். கார்டின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் பிள்ளைக்கு அனுப்பும் பழக்கம் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே எல்லா இடத்திலும் அழித்துவிடுங்கள். கேலரியைப் பார்க்க அனுமதி வாங்கிய ஆப் எத்தனை என்று நமக்கே தெரியாது.

கீபாஸ் மாதிரி ஒரு செயலியில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகப் பூட்டிப் பென்டிரைவில் வைப்பது இன்னொரு வழி. இலவசம், பாதுகாப்பில் நான் குறை சொல்ல மாட்டேன், பிடிஎஃப்களையும் உள்ளே இணைத்து வைக்கலாம். நான் இதை எட்டு மாதமாகத்தான் வைத்திருக்கிறேன், ஐந்து வருடம் கழித்து எப்படி என்று அனுபவத்தில் சொல்ல எனக்கு வழியில்லை. முக்கியப் பாஸ்வேர்டு மறந்தால் மொத்தமும் போச்சு. வீட்டில் எனக்கு மட்டும்தான் அதைத் திறக்கத் தெரியும் என்பது அதைவிடப் பெரிய குறை.

நான் சாய்வது ஃபைல் பக்கம். காரணம் ஒன்றுதான்: கார்டு மூடின பிறகு, வருடங்கள் கழித்து, நான் இல்லாவிட்டாலும், அந்தத் தாள் வீட்டில் ஒருவர் கைக்குக் கிடைக்க வேண்டும். கார்டு கையில் இருக்கும்வரை ஆதாரம் வங்கியிடமே இருக்கிறது, கேட்டால் தருவார்கள். மூடின மறுநாளிலிருந்து அது நம் பொறுப்பு. 2022-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி ஏழு வேலை நாட்களுக்குள் மூடாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கவும், என்றைக்கு விண்ணப்பித்தோம் என்பதற்குச் சாட்சி வேண்டுமே.

அதற்காக எல்லாத் தாளையும் சேர்த்தால் ஃபைல் ஒரு வருடத்தில் மூட்டையாகிவிடும், அப்புறம் யாரும் தொட மாட்டார்கள். என் ஃபைலில் முதல் பக்கம் ஒரு கோடு போட்ட தாள். ஒவ்வொரு கார்டுக்கும் வங்கியின் பெயர், கடைசி நாலு எண், ஸ்டேட்மென்ட் தேதி, தொலைந்தால் கூப்பிட வேண்டிய எண், அந்தக் கார்டில் தானாகப் பணம் எடுப்பவை எவை, அவ்வளவுதான். முழு எண், சிவிவி, பின் எதுவும் எழுதுவதில்லை. அதற்குப் பின்னால் மூடின கார்டுகளின் கடிதங்கள், இவற்றை எப்போதும் தூக்கிப் போடுவதில்லை. கடைசியில் வங்கியோடு நடந்த புகார்க் கடிதங்கள். மாத ஸ்டேட்மென்ட்டை அச்செடுப்பதே இல்லை, அவை பென்டிரைவில். வாரண்டி உள்ள பெரிய சாமான் வாங்கிய மாதத்தை மட்டும் பில்லோடு சேர்த்து எடுத்து வைக்கிறேன்.

பில் என்றதும் ஒன்று. கடையில் மிஷின் கக்கும் சீட்டு வெப்பத்தில் அச்சாகும் தாள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கோடை தாண்டுவதற்குள் எழுத்து மங்கி வெள்ளையாகிவிடும். வாஷிங் மெஷின் பில்லை லேமினேஷனுக்குக் கொடுத்தேன், அந்தச் சூட்டில் முழுசும் கறுத்துப் போய் வந்தது. வாங்கிய வாரமே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், இரண்டு ரூபாய் வேலை.

ஃபைலுக்கும் பராமரிப்பு உண்டு. பரணில் போட்டால் கரையான், சுவரை ஒட்டி வைத்தால் ஈரம், சும்மா விட்டால் ராமபாணப் பூச்சி. பீரோவில், பூட்டுள்ள தட்டில், ஒரு பாச்சா உருண்டையோடு இருக்கிறது. வேண்டாத தாளைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுவதில்லை. நம் முகவரியும் லிமிட்டும் உள்ள தாளில் யாரோ பஜ்ஜி மடித்து வாங்கிப் போவார்கள், கிழித்து ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டால் கூழாகிவிடும். தீ, வெள்ளம் என்றால் ஃபைலும் போய்விடும் என்பது உண்மைதான். அதற்காகத்தான் முக்கியமான ஏழெட்டுத் தாளை ஸ்கேன் செய்து அந்தப் பூட்டின கோப்பிலும் வைத்திருக்கிறேன், அதன் பாஸ்வேர்டை ஒட்டின கவரில் போட்டு மனைவியின் நகைப் பெட்டியில் வைத்தாயிற்று.