ஹேவ்லாக்கா, கோ தாவோவா? ஸ்கூபா கோர்ஸ் எங்கே முடிப்பது

போன ஜனவரியில் அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஓபன் வாட்டர் கோர்ஸ் (ஸ்கூபா டைவிங்கில் முதல் சான்றிதழ்) முடித்தேன். அதற்கு முன்னால் மூன்று மாதம், அந்தமானா, தாய்லாந்தின் கோ தாவோ தீவா என்று தினமும் ராத்திரி மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன், அடுத்துப் போகிறவர்களுக்காவது அந்த வேலை மிச்சமாகட்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஹேவ்லாக் கட்சி. (2018இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். ஜெட்டி ஆட்டோக்காரர் முதல் டைவ் கடைக்காரர் வரை எல்லோர் வாயிலும் இன்னும் ஹேவ்லாக்தான்.) கோ தாவோவில் நான் படிக்கவில்லை, பின்னால் போய் இரண்டு நாள் டைவ் மட்டும் அடித்தேன். அங்கே கோர்ஸ் நடக்கும் விதம் பற்றி நான் சொல்வது ஆபீஸ் தோழி ஒருத்தியின் அனுபவம், அவ்வளவுதான்.

சான்றிதழ் தரும் அமைப்புகளில் பாடியா (PADI) எஸ்எஸ்ஐயா (SSI) என்று குழம்பவே வேண்டாம். (சென்னைக்காரர்களுக்கு: இது மேம்பாலம் இருக்கும் பாடி இல்லை.) இரண்டிலும் கடலில் நான்கு டைவ், 18 மீட்டர் ஆழம் வரை அனுமதி, எந்த நாட்டு டைவ் கடையிலும் செல்லும் சான்றிதழ் அட்டை. ஆனால் சும்மா கையைப் பிடித்து அரை மணி நேரம் கூட்டிப்போகிற அறிமுக டைவுக்கு இந்தச் சான்றிதழ் கிடையாது, அதைத் தெரியாமல் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செலவில் கோ தாவோதான் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். கோர்ஸ் கட்டணம் மட்டும் என்றால் சரி, பல இடங்களில் தங்க அறையும் சேர்த்தே தருகிறார்கள். ஆனால் பாங்காக் போய், ராத்திரி பஸ்ஸில் சும்போன் போய், அங்கிருந்து படகு ஏறவேண்டும். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான விமானப் பயணம், அப்புறம் ஒரு படகு. லீவு ஒரே வாரம் என்றால் இந்த வித்தியாசம் பெரிது.

சரி, எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதெல்லாம் இல்லை. ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர் என்ற கேள்விதான்.

கோர்ஸில் எல்லோரும் பயப்படுகிற விஷயம் ஒன்று உண்டு: தண்ணீருக்கடியில் மாஸ்கை முழுசாகக் கழற்றி, ஒரு நிமிடம் வாயால் மட்டும் மூச்சு விட்டு, மறுபடி மாட்டி, மேல் விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதி தண்ணீரை வெளியேற்ற வேண்டும். சொன்னால் ஒன்றுமில்லை. முதல் தடவை உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியதும் நான் நேராக எழுந்து நின்றுவிட்டேன், நல்லவேளை மார்பளவு தண்ணீர். நான் படித்த இடத்தில் நீச்சல் குளம் இல்லை, ஆழமில்லாத கடலில்தான் பயிற்சி. பேட்ச்சில் நாங்கள் இரண்டே பேர். இன்ஸ்ட்ரக்டர் அன்று காலை முழுவதையும் என் மூக்குக்கே ஒதுக்கினார். முதலில் பாதி தண்ணீர், பிறகு முக்கால், பிறகு மாஸ்க் இல்லாமல் குப்புற மிதந்து ரெகுலேட்டரில் (வாயில் கடித்துக்கொள்ளும் மூச்சுக் கருவி) மூச்சு. ஏழாவது முறையோ எட்டாவது முறையோ வந்துவிட்டது.

தோழியின் பேட்ச்சில் எட்டுப் பேர். விதிப்படி தப்பே இல்லை, கடலில் ஒருவருக்கு எட்டுப் பேர் வரை அனுமதி உண்டு. மற்ற ஏழு பேரும் செய்து முடிக்கும்வரை குளத்தின் அடியில் முட்டி போட்டுக் காத்திருந்தாளாம், தன் முறை வந்ததும் எப்படியோ ஒரு தடவை செய்து தப்பித்தாள். அட்டை கைக்கு வந்தது, ஆனால் இன்றுவரை மாஸ்கில் சொட்டுத் தண்ணீர் புகுந்தால் மேலே போகலாம் என்று கட்டைவிரலைத் தூக்கிவிடுகிறாள்.

கோ தாவோவிலும் சின்ன பேட்ச் நடத்தும் கடைகள் இருக்கின்றன, ஹேவ்லாக்கிலும் சீசனில் கூட்டமாக அடைப்பவர்கள் இருக்கலாம். அதனால் ஊர் எதுவானாலும், முன்பணம் அனுப்புமுன் “என் பேட்ச்சில் அதிகபட்சம் எத்தனை பேர்?” என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஐந்து கடைகளைக் கேட்டேன், இரண்டு பேர்தான் எண்ணைச் சொன்னார்கள்.

ஒரு விஷயத்தில் கோ தாவோவுக்கு ஓட்டு: பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு என்றால் அந்தமானில் பாதி மாதத்துக்குமேல் மழை பிடித்துக்கொள்ளும், தாய்லாந்து வளைகுடாவில் அப்போது நல்ல சீசன். நவம்பரில் நிலைமை தலைகீழ், அங்கே மழை கொட்டும்.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரம் விட வேண்டும், டிக்கெட் போடும்போதே கணக்குப் பண்ணுங்கள். தியரியை வீட்டிலேயே முடித்துவிடுங்கள், தீவில் உட்கார்ந்து வீடியோ பார்ப்பதற்கா அவ்வளவு செலவு செய்து போகிறோம்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. தியரியையும் குளத்துப் பயிற்சியையும் உள்ளூரில் முடித்து ரெஃபரல் (அதுவரை முடித்ததற்கான சான்று) வாங்கிக்கொண்டால், பாடியில் ஒரு வருஷத்துக்குள் கடல் டைவ் நான்கையும் வேறு எங்கு வேண்டுமானாலும் முடிக்கலாம். நான் முயன்று பார்க்கவில்லை. என்னைப்போல மூக்கில் தண்ணீர் போனாலே அலறுகிறவர்களுக்கு இதுதான் சரி என்று தோன்றுகிறது. தம்பி பிப்ரவரியில் அப்படித்தான் போகிறான், இப்போதே பாத்ரூம் பக்கெட்டில் மூஞ்சியை முக்கிப் பழகிக்கொண்டிருக்கிறான்.